படத்தில் இருக்கிற பொம்மை

முதலிலேயே வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்துநான்கு வயதில், ஒரு சனிக்கிழமை முழுவதும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இங்கிலாந்தில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு கழகத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். முறைப்பாடு இதுதான்: உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் பழைய படத்தில், தள்ளுவண்டியில் இருப்பது பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. அது நான்.

அந்தக் கழகம் என்பது தங்கள் ஊரின் பழைய படங்களையும் பழங்கதைகளையும் தேடிச் சேர்க்கும் நாலைந்து ஓய்வுபெற்ற மனிதர்கள். இரண்டு கிழமை கழித்துப் பதில் போட்டார்கள். மிகவும் மரியாதையான பதில். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. முகமூடி இருப்பதால் எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆகவே பழையபடி பொம்மை என்றே விட்டுவைக்கிறோம்.'

மகள் பின்னால் நின்று அதைப் படித்தாள். பதினாறு வயது. முதலில் பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்தாள். நான் திரும்பியதும், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"பப்பா, அது பொம்மை. கையைப் பாருங்கோ, பேப்பர் அடைச்சிருக்கு."

"பேப்பருக்குள்ளை என்ரை கை இருக்கு, பிள்ளை."

"இதை நீங்கள் அவைக்கு எழுதினீங்களா?"

"ஓம்."

"மொன் டியூ," என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

என் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன். மொன்ட்ரியாலில், நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் ஆளாளுக்கு ஒரு அறை, ஆளாளுக்கு ஒரு மொழி. ஐந்து நாள் ஜான்-டலோன் சந்தையில் நின்று தக்காளிப் பெட்டி அடுக்கிய கை, ஆறாம் நாள் சும்மா இருக்காது. எதையாவது தேடும். நான் அந்த ஊரின் பெயரைத் தேடினேன்.

லங்காஷயர் பக்கம் ஒரு பருத்தி ஆலை ஊர் அது. பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கழகத்தார் தமிழ் படிக்கப்போவதில்லை என்றாலும் ஒரு மரியாதைக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே எட்டு வயதுப் பிள்ளை. வீடுகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். முதல் மாதம் நான் இரண்டு தடவை அடுத்தவர் வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன். சாயப் பட்டறைக்குப் பின்னால் ஓடிய சின்ன ஆறு, அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறமோ அந்த நிறத்தில் ஓடும். திங்கள் சிவப்பு, செவ்வாய் நீலம். ஆறு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கொஞ்சக்காலம் நினைத்தேன். ஊருக்கு மேலே புகைபோக்கிகள். பாதிக்கு மேல் அப்போதே அணைந்துவிட்டன. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருநாள், உலகம் முழுவதற்கும் துணி கொடுத்த ஊர் இது, இலங்கைக்குக்கூடப் போனது என்று சொன்னார். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. வாங்கின துணிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை என்பதுபோல.

நாங்கள் என்றால் அப்பாவும் நானும் மட்டும். அப்பா கணக்கியல் சோதினை எடுக்க வந்தவர். பகலில் சாயப் பட்டறையில் வேலை, பின்னேரம் நூலகம். அம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய சம்பளத்தில்தான் எங்கள் இருவருக்கும் டிக்கெட் வாங்கியது. பத்து வயதுக்குள் ஆங்கிலம் நாக்கில் ஏறவேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வருசம்தான், சோதினை பாஸ் பண்ணியதும் நல்ல உத்தியோகம், வீடு, பிறகு அம்மா. இதுதான் ஏற்பாடு. 'தையிலை அம்மா வருவா' என்று அப்பா சொல்வார். நான் சுவரில் கோடு போட்டு நாள் எண்ணினேன். வீட்டுக்காரக் கிழவி அந்தக் கோடுகளைப் பூஞ்சணம் என்று நினைத்துச் சோடா போட்டுக் கழுவிவிட்டார். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

கிழவிக்குக் காது கேளாது. நாலு மணிக்கு எனக்கு ஜாம் பூசிய ஒரு துண்டுப் பாண் தருவார். பிறகு கீழே போய்த் தொலைக்காட்சியை உச்சத்தில் வைத்துவிடுவார். நான் மேல்மாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருப்பேன். மண்ணெண்ணெய் அடுப்பின் மணம். வெளியே பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். ஐந்தரை மணிக்கு ஒவ்வொரு கதவாகத் திறக்கும், ஒவ்வொரு தாயாக வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் தெரு காலி. கூப்பிடப்பட்ட எல்லாப் பெயரும் எனக்குப் பாடம். எந்தத் தாய் எந்த ராகத்தில் கூப்பிடுவார் என்பதும் பாடம். ஒருநாள் அறைக்குள் நின்று அதே ராகத்தில் என் பெயரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் பெயர் நீளம் அதிகம்.

ஒக்டோபர் நடுவில் கதவில் தட்டு. அடுத்த வீட்டுச் செம்பட்டைத் தலைப் பிள்ளை நிற்கிறாள். பத்து வயது. தெருவுக்கே தளபதி. அவள் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உனக்கு ஆடாமல் அசையாமல் இருக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நேரமும்."

"பொய் சொல்லாதே. என் தம்பி ரெண்டு நிமிசத்திலை மூக்கைத் தோண்டினவன்."

அது பொய்யில்லை. நான் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்ததே அதுதான்.

விசயம் இதுதான். நவம்பர் ஐந்தாம் தேதி அந்த நாட்டில் ஒரு கொண்டாட்டம். பல நூறு வருசத்துக்கு முன்னால் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்து அகப்பட்ட ஒருவனின் நினைவாக, பழைய உடுப்புக்குள் பேப்பர் அடைத்துப் பொம்மை செய்து, அன்றைக்கு நெருப்பில் போட்டு எரிப்பார்கள். அதற்கு முந்தின இரண்டு மூன்று கிழமை, பிள்ளைகள் பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ப் பட்டாசுக்குச் சில்லறை கேட்பார்கள். அந்த வருசம் தளபதியின் படைக்குப் பொம்மை சரிவரவில்லை. கழுத்து நிற்கவில்லை. கழுத்து நிற்கிற ஆள் ஒருவன் மேல்மாடி ஜன்னலில் இருக்கிறான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. யாரோ ஒரு கிழவனின் கோட்டு, அதற்குள் பேப்பர், பேப்பருக்குள் நான். கையுறைக்குள்ளும் பேப்பர். முகத்தில் பசை நாறும் மட்டை முகமூடி, தலையில் தொப்பி, கழுத்தில் சால்வை. வண்டி பெரிய சில்லு வைத்த கறுப்பு வண்டி, உள்ளே யாரோ குழந்தையின் பால் மணம். தளபதியின் கட்டளை ஒன்றே ஒன்று: அசைந்தால் வேலை போய்விடும்.

நான் அசையவில்லை. நாய் வந்து கால் நக்கியது, அசையவில்லை. ஒரு பாதிரியார் குனிந்து 'எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறீர்கள்' என்று மூக்கைத் தட்டினார், அசையவில்லை. ஒருவர் கமெராவோடு வந்து எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அப்போதும் அசையவில்லை. நான் ஆடியிருந்தால் படத்தில் கலங்கியாவது இருந்திருப்பேன், கழகத்தாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். பின்னேரம் ஐந்தரைக்கு என்னை வீட்டு வாசலில் இறக்கி, பேப்பரை உருவிவிட்டு, 'நாளைக்கும் வா' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் சுவாசத்தையும் நிறுத்தியிருப்பேன்.

இந்த அளவில் நிறுத்தி, இந்தக் கதையை மொன்ட்ரியாலில் சொல்லாத இடமில்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு, சந்தையில் தேநீர் நேரம், எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். கதிரையில் இருந்து நடித்தும் காட்டுவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மிச்சத்தை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மிச்சம் இதுதான். நவம்பர் மூன்றோ நாலோ. நாலரை மணிக்கே இருட்டி, தூறல். ஆலை வாசலுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில், வாங்குக்கு அருகே வண்டியை விட்டுவிட்டு, படை முழுவதும் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்க ஓடிவிட்டது. பொம்மையை யார் களவெடுப்பார்கள்? பஸ் ஒன்று வந்து நின்றது. அப்பா இறங்கினார்.

வீட்டுக்கு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அப்பா நடக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி முழுவதும் மழைத்துளி. அதைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தன் கைவிரலே தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், சத்தமாகவே கேட்டார்.

"என்ன ராசா, உனக்கும் பஸ் வரேல்லையோ?"

எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது. அப்பா பகிடி விடுகிறார். அப்பாவுக்குப் பகிடி விடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னோடு அவர் கதைத்ததெல்லாம் 'சாப்பிட்டியா, படிச்சியா, பேந்து பாப்பம்' என்ற மூன்று வசனந்தான்.

"நல்ல வேலை உனக்கு. ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை," என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார், விரிக்கவில்லை, திரும்ப வைத்தார். "எனக்கு இந்த முறையும் சோதினை பெயில். ஊரிலை எடுத்ததோடை மூண்டாம் தரம். இன்னும் ஒரு தரம் எடுக்கலாமாம். எடுத்து?"

தூறல் தொப்பியில் விழுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

"அவளுக்கு என்னெண்டு எழுதிறது, சொல்லு பாப்பம். அவளின்ரை காசிலை வந்த நாய் நான். பொடியன் வேறை தை எண்டு நாள் எண்ணுறான். சோதினையை விட்டிட்டன், பட்டறைக் கூலியிலை சீவிப்பம், வா எண்டு கேக்கலாம். கேட்டால் வந்திடுவாள். எனக்கு வாய் வருகுதில்லை."

நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அப்பா' என்ற ஒரு சொல் போதும். ஆனால் அசைந்தால் வேலை போய்விடும். இன்னொன்று, அந்த வயதிலும் எனக்கு ஒன்று விளங்கியது: நான் எழும்பினால், இவர் இனி ஒருவரோடும் இப்படிக் கதைக்கமாட்டார். இரண்டில் எது உண்மையான காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதலாவது என்றுதான் பயமாக இருக்கிறது.

அப்பா எழுந்து, என் மடியிலிருந்து நழுவிக் கிடந்த கையுறையைத் தூக்கி மடியில் வைத்தார். சால்வையை இழுத்துக் கழுத்தை மூடினார். சில்லறை சேர்க்க வைத்திருந்த மட்டைப் பெட்டிக்குள் ஒரு பென்னியைப் போட்டுவிட்டு நடந்தார். முகமூடி உள்ளே ஊறிப் பிய்ந்துபோயிருந்தது. தளபதி வந்து பார்த்துவிட்டு, மழை என்று நினைத்து மழையைத் திட்டினாள்.

ஐந்தாம் தேதி பின்னேரம், கற்குவியல் கிடந்த வெறுங்காணியில் நெருப்பு. என் கோட்டு, தொப்பி, சால்வை எல்லாவற்றுக்கும் வைக்கோல் அடைத்து உச்சியில் வைத்திருந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டில் நெருப்புப் பிடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"பாவம். நல்ல மனுசன்."

அடுத்தநாள் கதவில் தட்டு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தெருவில் தளபதி பந்து அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நான் இருப்பதைப் பார்த்தாள். கையைக் காட்டினாள், ஆனால் வா என்று அல்ல. அவளில் பிழையில்லை. பொம்மைக்குரிய காலம் முடிந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. ஞாயிறு என்றால் கடிதம். நீல நிற ஏரோகிராமில் அப்பா எழுதிவிட்டு, கடைசியில் எனக்கு இரண்டு விரல் இடம் விடுவார். அன்றைக்கும் விட்டார். எனக்கு மேலே அவர் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சோதினை பாஸ். உத்தியோகம் கிடைத்தவுடன் உம்மைக் கூப்பிடுவேன். ஆயத்தமாக இரும்.'

அப்பா அடுப்பில் திரி வெட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றார்.

எட்டு வயது மூளை எப்படி ஓடியது என்றால் இப்படி: அப்பா பெயில் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் வரமாட்டா. பாஸ் என்று நம்பினால் வருவா. வந்தபிறகு பாஸோ பெயிலோ யாருக்குக் கவலை? வந்தவவைத் திருப்பி அனுப்பவா போகிறார்கள்? நல்ல திட்டம். இன்றைக்கும் அதில் ஒரு ஓட்டையும் தெரியாத அளவுக்கு நல்ல திட்டம். பென்சிலைக் கூராக்கி, ஒவ்வொரு எழுத்தையும் அச்சடித்தது மாதிரி எழுதினேன். 'அம்மா, அப்பா பாஸ் பண்ணிவிட்டார். இங்கே எல்லாருக்கும் தெரியும். கெதியாக வாங்கோ.'

அப்பா அதை எடுத்து வாசித்தார். விளிம்பை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினார். அதற்கு வழமையைவிடக் கூடிய நேரம் எடுத்தது.

அம்மா தையில் வரவில்லை. அடுத்த தையிலும் வரவில்லை. அந்தக் கடிதம் கிடைத்த மாதமே பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, பெட்டி கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார். உத்தியோகமும் வரவில்லை, டிக்கெட்டும் வரவில்லை. விட்ட வேலையைத் திரும்பக் கொடுக்க ஆளில்லை. மாமா வீட்டுச் சமையலறையில் இரண்டரை வருசம் இருந்தார். ஒருநாள் மாமி, 'பெட்டியை அவிழன், கரப்பான் வரப்போகுது' என்றாராம். கடைசியில் அம்மா வரவில்லை, நாங்கள்தான் போனோம். சோதினையும் இல்லாமல், என் நாக்கில் ஏறிய லங்காஷயர் ஆங்கிலத்தோடு. அங்கே அது ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதற்குப்பிறகு எத்தனையோ நடந்து, எல்லோரையும்போல நாங்களும் மொன்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் வேலையைத் தின்றது அப்பாவின் பொய்தான் என்று நான் முப்பது வருசம் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. ஒருநாள் காரில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன். "அம்மாவின்ரை வேலையை நீங்கள்தான் விடப்பண்ணினனீங்கள், அந்த ஒரு பொய்யாலை." அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி "ஓம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாரியில் போய்ச் சேர்ந்தார். நாலு வருசமாகிறது.

அந்தக் கழகத்தாரின் பதில் வந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா குசினி மேசையில், நான் சந்தையிலிருந்து கொண்டுவந்த லீக்ஸைக் கழுவி நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் அச்சடித்துப் பகிடிக்குக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, நான் வழமைபோல நடிப்போடு தொடங்கினேன். அம்மா அதை நூறு தரம் கேட்டவர். அன்றைக்கு என்னவோ, வழமையாக நிற்கிற இடத்தில் நிற்காமல், பஸ் நிறுத்தத்துக்கும் போய்விட்டேன். அப்பா கதைத்ததை அவர் குரலிலேயே சொன்னேன்.

அம்மாவின் கத்தி நின்றது.

"வா எண்டு கேட்டால் வந்திடுவாள் எண்டு சொன்னவரோ?"

"ஓம் அம்மா."

"வந்திருப்பன்," என்றார். பிறகு, "அது அந்தக் காயிதத்துக்கு முந்தியோ, பிந்தியோ?" என்று கேட்டார்.

"முந்தி. அந்தக் கிழமைதான்."

"அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினனி."

"எட்டு வயசு அம்மா. அதுவும் பொம்மை உத்தியோகத்திலை இருந்த ஆள். பொம்மைக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. மிச்ச லீக்ஸையும் நறுக்கி முடித்து, சட்டியில் போட்டு, கையைக் கழுவித் துடைத்தபிறகுதான் சொன்னார்.

"கொப்பர் எழுதினதை நான் நம்பேல்லை. நீ எழுதினதை நம்பித்தான் வேலையை விட்டனான்."